எல்லைப்புறத் தமிழும் இணைய உலாவிகளும்

மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்டு நிற்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய். கொங்கு நாட்டுக்கும் மலையாள நாட்டுக்கும் இயற்கை அமைத்துத் தந்த வாயில் அது. சென்னையிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை அவ்வாயிலின் வழியே சென்று, 1862-ஆம் ஆண்டில் மேலைக் கடற்கரையிலுள்ள பேப்பூரை எட்டியது. ஐந்தரை அடி அகலமுடைய அகலப்பாதை அது. எழுபது ஆண்டுகள் கழிந்து, 1932-ஆம் ஆண்டில், பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு மற்றோர் இருப்புப்பாதை வந்தது. இதன் அகலம் ஒரு மீட்டரே. இரண்டும் நல்ல பாதைகள்; இரண்டிலும் நல்ல வண்டிகள் ஓடின. ஆயினும் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த வண்டி பாலக்காட்டுக்கு அப்பால் ஓடவியலாது. அதன் சக்கரங்கள் அகலப்பாதையில் பொருந்தா. சரக்கை இறக்கி வேறு வண்டியில் ஏற்றவேண்டும். பொள்ளாச்சிப் பாதை அகலமாக்கப்பட்டு 2015-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோதுதான் இவ்வேறுபாடு நீங்கிற்று.

தெற்கே மூணாற்று மலைகளிலும் இதுவே கதை. 1902-ஆம் ஆண்டில் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி அமைந்தது. 1908-ஆம் ஆண்டில் அது இரண்டடி அகலமுள்ள சிறு இருப்புப்பாதையாயிற்று. தேயிலைப் பெட்டிகள் அதன் வழியே டாப் ஸ்டேஷன் என்னும் மலையுச்சிக்குச் சென்றன. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு போடிநாயக்கனூரை நோக்கிச் சென்றன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அச்சிறு பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. ஒரே பெட்டி, ஒரே தேயிலை. ஆனால் வழி மாறுமிடந்தோறும் கூலியும் காலமும் செலவாயின. பண்டத்தில் குறையில்லை; பாதைகளே ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

இருப்புப்பாதையில் நம் முன்னோர் கண்ட இவ்வின்னலை நம் தலைமுறை வேறோர் உருவில் கண்டது. கணினித் திரையில் ஒருவர் தமிழ்ப் பக்கம் ஒன்றை அமைப்பார். அவர் திரையில் அது செவ்வையாக விளங்கும். அதே பக்கத்தை மற்றொருவர் வேறு கணினியில் திறந்தால் பத்திகள் சிதறிக் கிடக்கும். சில வேளைகளில் எழுத்தே தெரியாது. எழுதியவரும் பிழை செய்யவில்லை, படித்தவரும் பிழை செய்யவில்லை. இந்த இன்னல் எவ்வாறு தோன்றிற்று, தமிழை அது ஏன் பிற மொழிகளைக் காட்டிலும் மிகுதியாக வருத்திற்று, எவ்வாறு தணிந்தது என்பதை வரலாற்று முறையில் காண்போம்.

வைய விரிவு வலை என்னும் அமைப்பை 1989-ஆம் ஆண்டில் வரைந்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ. ஜெனிவாவிலுள்ள ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் அவர் அப்போது பணியாற்றினார். அங்கே பலவகைக் கணினிகள் இருந்தன. ஒன்றில் எழுதிய குறிப்பு மற்றொன்றில் திறவாது. இத்துன்பத்தை நீக்கவே அவர் ஒரு முறையைக் கண்டார். பக்கத்தை எழுதுவோர், 'இது தலைப்பு', 'இது பத்தி', 'இது மற்றொரு பக்கத்துக்கு வழி' என்று எளிய குறிகளை மட்டும் இடுவர். அக்குறிகளைப் படித்துத் திரையில் வரைந்து காட்டுவது பிரவுசர் என்னும் உலாவியின் கடமை. எந்தக் கணினியிலும் எந்த உலாவியிலும் ஒரே பக்கம் திறக்கவேண்டும் என்பதே தொடக்க நோக்கம்.

1993-ஆம் ஆண்டில் மொசைக் என்னும் உலாவி படங்களையும் எழுத்துகளையும் ஒரே பக்கத்தில் காட்டிற்று. அடுத்த ஆண்டு நெட்ஸ்கேப் வந்தது. 1995-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வந்தது. இரண்டு வணிகர்கள் ஒரே தெருவில் கடை விரித்தால் ஒருவரிடம் இல்லாத சரக்கை மற்றவர் காட்டுவது இயல்பு. நெட்ஸ்கேப், மின்னி மின்னி மறையும் எழுத்தைப் புகுத்திற்று. எக்ஸ்புளோரர், இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் ஓடும் எழுத்தைப் புகுத்திற்று. ஒன்றின் வித்தை மற்றொன்றில் செல்லாது. பொதுவிதிகளை வகுக்க 1994-ஆம் ஆண்டிலேயே டிம் பெர்னர்ஸ்-லீ ஒரு கூட்டமைப்பைத் தோற்றுவித்திருந்தார். ஆயினும் விதிகள் எழுதப்பட்ட வேகத்தினும் வித்தைகள் பெருகிய வேகம் மிகுதியாயிருந்தது.

இவ்விடத்தில்தான் பக்கம் அமைக்கும் மென்பொருள்கள் உட்புகுகின்றன. குறிகளைக் கையால் எழுதுவது பலர்க்குக் கடினம். தட்டச்சுத் தாளில் எழுதுவதுபோல் எழுதினால் குறிகளைத் தானே இட்டுக்கொள்ளும் கருவி வேண்டும் என மக்கள் விரும்பினர். வெர்மீர் என்னும் நிறுவனம் ஆக்கிய ஃபிரன்ட்பேஜ் அத்தகைய ஒன்று. அதை 1996-ஆம் ஆண்டு ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கிற்று. 1997-ஆம் ஆண்டில் டிரீம்வீவர் என்னும் மற்றொரு கருவி தோன்றிற்று. ஊர்ச் சங்கங்கள், கோயில் நிர்வாகங்கள், கல்லூரிகள், சிற்றிதழ்கள் என எத்தனையோ அமைப்புகளை இணையத்துக்கு அழைத்துவந்த பெருமை இத்தகைய கருவிகளுக்கு உண்டு.

ஆயினும் ஒரு குறை இருந்தது. கருவியைச் செய்தவரே உலாவியையும் செய்தவராயின், அக்கருவி பெற்றெடுக்கும் பக்கம் அவருடைய உலாவியையே முதற்கண் கருதும். அமைப்பவர் தம் திரையில் காண்பதை உலகமே காண்கிறது என்று நம்பிவிடுவார். சான்றாக ஒன்று கூறுவோம். பக்கத்தில் ஒரு பெட்டியின் அகலம் நூறு என்று குறித்தால், எக்ஸ்புளோரரின் ஐந்தாம் பதிப்பு பெட்டியின் உள்விளிம்பிடத்தையும் அந்த நூறுக்குள் அடக்கிற்று. பொதுவிதியோ உள்விளிம்பிடத்தை நூறுக்கு வெளியே சேர்க்கச் சொல்லிற்று. சட்டத்துக்குள் அளவா, சட்டத்தோடு சேர்த்து அளவா என்று தச்சர் கேட்பாரே, அந்தக் கேள்விதான் இது. கேட்காமல் கதவு செய்தால் வாயிலில் பொருந்தாது. ஓர் உலாவிக்கு அளந்த பெட்டி மற்றொன்றில் பக்கத்துப் பெட்டியின்மேல் ஏறி நின்றது இதனால்தான்.

இக்குறையை நீக்குவதற்கு மாறாக, அதனைப் பலர் பெருமையாக அறிவிக்கவும் செய்தனர். 'இப்பக்கம் இன்ன உலாவியில், இன்ன திரையளவில் நன்கு தெரியும்' என்னும் சிறு பலகை அக்காலத்தில் பக்கந்தோறும் தொங்கிற்று. வலை தோன்றுமுன் ஒரு கணினியில் எழுதியது மற்றொன்றில் திறவாதிருந்த பழைய நாள்களை மீண்டும் விரும்புவோரே இவ்வாறு எழுதுவர் என்று 1996-ஆம் ஆண்டிலேயே டிம் பெர்னர்ஸ்-லீ கண்டித்தார். அவர் சொல் அப்போது பலர் காதில் விழவில்லை. 2002-ஆம் ஆண்டையொட்டி இணையம் பார்த்தோரில் பத்தில் ஒன்பதின்மருக்கு மேல் எக்ஸ்புளோரரையே கொண்டிருந்தனர். ஒன்பதின்மருக்குச் செய்தால் போதும் என்பது வணிகக் கணக்கு. எஞ்சிய ஒருவர் யார் என்பதை அக்கணக்குக் கேட்பதில்லை.

இனித் தமிழின் நிலைக்கு வருவோம். ஆங்கிலப் பக்கம் வேறோர் உலாவியில் சிதறினாலும் எழுத்துகள் எழுத்துகளாகவே நின்றன. முயன்றால் படிக்கலாம். தமிழுக்கு அந்த ஆறுதலும் இல்லை. கணினி எழுத்துகளை எண்களாகவே வைத்திருக்கும். இன்ன எண் இன்ன எழுத்து என்று முன்கூட்டியே உடன்பாடு வேண்டும். ஆங்கிலத்துக்கு அவ்வுடன்பாடு 1960-களிலேயே ஏற்பட்டுவிட்டது. தமிழுக்கு அது இல்லாதபோதே இணையம் வந்துவிட்டது. ஆகவே ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களைப் பூசிய எழுத்துருக்கள் தோன்றின. அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் பொருளற்ற உரோமன் குறிகளே தெரியும்.

இணையத்தில் தமிழ் ஏறிய வரலாறு பெரும்பாலும் புலம்பெயர்ந்தோர் வரலாறே. 1995-ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் தொகுப்பு ஒன்று நான்கு மொழிகளில் இணையத்தில் வெளியிடப்பட்டது. அதில் தமிழும் இடம்பெற உழைத்தவர் நா. கோவிந்தசாமி. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை என்னும் எழுத்துருவை ஆக்கினார். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டம் என்னும் மின்னூல் தொகுப்பையும் தொடங்கினார். ஊரை விட்டுப் பிரிந்தவர்க்கே எழுத்து வந்து சேரவேண்டும் என்னும் ஏக்கம் முதலில் எழுந்தது. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம் நேயர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண்வரிசை வகுத்தமையால் எழுத்துருக்கள் பல்கின. தமிழ் நாளிதழ்களும் வார இதழ்களும் தத்தமக்கென ஓர் எழுத்துருவைக் கொண்டிருந்தன. ஓர் இதழைப் படிக்க ஓர் எழுத்துருவையும் மற்றோர் இதழைப் படிக்க வேறோர் எழுத்துருவையும் இறக்கிப் பதிக்கவேண்டும். சொந்தக் கணினி உடையவர் பதித்துக்கொள்வார். மணிக்கணக்கில் வாடகை கொடுத்துக் கணினி மையத்தில் அமர்பவர் என்ன செய்வார்? அயல்மாநிலத்து மையத்தின் உரிமையாளருக்குத் தமிழ் எழுத்துருவால் ஆவது என்ன?

இதற்கொரு மாற்று வழி 1997-ஆம் ஆண்டில் தென்பட்டது. எழுத்துருவையும் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பிவிடும் முறை அது. படிப்பவர் எதையும் பதிக்க வேண்டா. தமிழ்ப் பதிப்பாளர்க்கு இது வரப்பிரசாதமாகத் தோன்றிற்று. அதிலும் பாதைக் குறுக்கீடு வந்துசேர்ந்தது. நெட்ஸ்கேப்பின் நான்காம் பதிப்பு ஒருவகைக் கோப்பை ஏற்றது. எக்ஸ்புளோரரின் நான்காம் பதிப்பு மற்றொரு வகைக் கோப்பை ஏற்றது. நெட்ஸ்கேப் 2000-ஆம் ஆண்டில் தன் ஆறாம் பதிப்பை வெளியிட்டபோது பழைய முறையைக் கைவிட்டது. எஞ்சி நின்றது எக்ஸ்புளோரர் முறை ஒன்றே. அது விண்டோஸ் கணினியில் மட்டுமே செல்லும். ஆக, தமிழ் படிக்க வேண்டுமாயின் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் கணினி அமைப்பையும் அதன் உலாவியையும் வைத்திருக்கவேண்டும் என்றாயிற்று.

அறிஞர்கள் கைகட்டி நிற்கவில்லை. 1997-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் இரண்டாம் மாநாடு நடந்தது. அதன் பயனாகத் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரு எண்வரிசைகளையும் தமிழ்-99 விசைப்பலகையையும் அறிவித்தது. இணையத்தில் பழகிய பல நாட்டுத் தமிழர் டிஸ்கி என்னும் எண்வரிசையை வளர்த்தனர். இவை நல்முயற்சிகள். எனினும் உலகத்து மொழிகள் அனைத்துக்கும் ஒரே எண்வரிசை என்னும் யூனிகோடு, 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. எழுதுவோர்க்கு எண் கிடைத்துவிட்டது. வரைந்து காட்டுவதற்கு உலாவிகள் இன்னும் ஆயத்தமாகவில்லை.

'கெ' என்னும் எழுத்தை நோக்குக. ஏட்டில் நாம் முதலில் ஒற்றைக்கொம்பை எழுதிப் பிறகு ககரத்தை எழுதுகிறோம். யூனிகோடு, ஒலிக்கும் வரிசையில் முதலில் ககரத்தையும் பிறகு கொம்பையும் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னே கொண்டுவந்து நிறுத்த வேண்டியது மென்பொருளின் வேலை. 'கொ' என்றால் கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிந்து நிற்கவேண்டும். இந்த இலக்கணம் அறியாத உலாவி, ககரத்தைத் தனியே போட்டு, அதன்பின் ஒரு புள்ளிவட்டத்தில் கொம்பை மாட்டிக் காட்டும்.

2000-ஆம் ஆண்டின் விண்டோஸ் பதிப்பே இவ்விலக்கணத்தை முதலில் கற்று வந்தது. அதற்கடுத்த எக்ஸ்பி பதிப்பில் அது இருந்தும், தனியே ஒரு தெரிவைக் குறித்துக் குறுந்தகட்டிலிருந்து கோப்புகளை ஏற்றவேண்டியிருந்தது. 2004-ஆம் ஆண்டு நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் என்னும் கட்டற்ற உலாவி தோன்றி எக்ஸ்புளோரரின் தனியாட்சியை அசைத்தது. அதிலும் தமிழுக்கு ஓர் இடர் காத்திருந்தது. பத்தியின் இரு ஓரங்களையும் ஒழுங்காக நிரப்பும்படி பக்கம் அமைத்தவர் குறித்திருந்தால், ஃபயர்ஃபாக்ஸ் தமிழ் எழுத்துகளைக் கொம்பு வேறு, உடல் வேறாகப் பிரித்துவிடும். வலைப்பூ எழுதிய தமிழர் பலர் இதனை அறிவர். எக்ஸ்புளோரரில் அச்சுப்போல் அழகாயிருந்த பத்தி, ஃபயர்ஃபாக்ஸில் எழுத்து உதிர்ந்து கிடந்தது. 2008-ஆம் ஆண்டு ஜூனில் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலேயே அக்குறை தீர்ந்தது. அதுவரை, அழகை விட்டு இடப்புறம் மட்டும் ஒழுங்காக்குங்கள் என்று ஒருவர்க்கொருவர் அறிவுரை கூறிக்கொண்டனர்.

இப்போது பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறத்தை நோக்குவோம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. முன்பு கொச்சி அரசிலிருந்த சித்தூரும் அவ்வாறே. மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களிலும், வட்டவடை, மறையூர் மலையூர்களிலும், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் சமவெளிகளிலும் தமிழ் பேசுவோர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இவர்களுக்கு ஓர் உரிமையை அளித்தது. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம். விடையும் தமிழிலேயே வரவேண்டும். தமிழ்வழிப் பள்ளிகள் இயங்குகின்றன. பாடநூல்கள் தமிழிலும் அச்சாகின்றன.

தாளில் இவ்வுரிமை எளிது. திரையில் அதற்கு இரு மென்பொருள் உலகங்களின் ஒத்துழைப்பு வேண்டும். கேரள அரசு 2001-ஆம் ஆண்டில் ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிற்று. அப்பத்தாண்டின் நடுப்பகுதியிலிருந்து அதன் பள்ளிகள் லினக்ஸ் என்னும் கட்டற்ற அமைப்புக்கு மாறின. உரிமக் கட்டணம் இல்லை. மாணவர் நகலெடுத்து வீட்டுக்கும் கொண்டுசெல்லலாம். போற்றத்தக்க முடிவு அது. அதே நாள்களில், மலைக்கு இப்பால், தமிழ்ப் பதிப்பாளர் பலர் எக்ஸ்புளோரருக்கு மட்டும் உரிய எழுத்துருக் கோப்போடு தம் பக்கங்களை அமைத்திருந்தனர். அத்தகைய பக்கத்தைத் தேவிகுளத்து மாணவர் பள்ளிக் கணினியில் திறந்தால் தமிழ் தோன்றாது. போடிமெட்டைக் கடந்து கீழே இறங்கிய ஊரில் படிக்கக் கிடைத்த தமிழ், மேலே கிடைக்கவில்லை. இரு மாநிலங்களும் வெவ்வேறு அகலத்தில் பாதை போட்டுவிட்டன; இடையில் அகப்பட்டவர் எல்லைப்புறத் தமிழர்.

மலையாளமும் இவ்வின்னலுக்கு விலக்கன்று. 1971-ஆம் ஆண்டில் தட்டச்சுக்காக அதன் எழுத்து சீர்திருத்தப்பட்டது. கணினி வந்தபின் பழைய கூட்டெழுத்துகள் மீண்டும் தழைத்தன. 'சில்லு' எனப்படும் தனி மெய்யெழுத்துகளை மூன்று குறிகளின் சேர்க்கையாகவே யூனிகோடு முதலில் வைத்திருந்தது. அச்சேர்க்கையில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி ஒன்று உண்டு. மென்பொருள் அதனைத் தவறவிட்டால் சொல்லே உருமாறிவிடும். 2008-ஆம் ஆண்டில் யூனிகோடின் 5.1-ஆம் பதிப்பு சில்லெழுத்துகளுக்குத் தனி எண்களை வழங்கிற்று. அதனால் ஒரே சொல்லுக்குப் பழைய வடிவம் ஒன்றும் புதிய வடிவம் ஒன்றுமாக இரண்டு தோன்றின. தேடும்போது ஒன்று கிடைத்தால் மற்றொன்று கிடைக்காமல் போகும். கணவாயின் இருபுறத்து மொழிகளும் ஒரே காலத்தில் ஒரே நோயால் வருந்தின.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போர் இந்தியிலும் இதனைக் கண்டிருப்பர். அலுவலகங்களில் பரவியிருந்த கிருதிதேவ் எழுத்துருவில் தட்டச்சிட்ட கடிதம், யூனிகோடு மட்டும் உள்ள கணினியில் வெறும் குறிகளாகக் கிடக்கும். தென்கொரியாவிலோ வங்கிப் பாதுகாப்பு முறை எக்ஸ்புளோரரின் துணைக்கருவியோடு பிணைக்கப்பட்டமையால், அந்நாட்டு மக்கள் பல ஆண்டுகள் வேறு உலாவியில் பணம் அனுப்ப இயலாதிருந்தனர். செல்வமும் தொழில்நுட்பமும் மிக்க நாட்டுக்கே இந்நிலை என்றால், சிறுபான்மையினரின் நிலையை உய்த்துணரலாம்.

தீர்வு ஒரே நாளில் வரவில்லை; பல திசைகளிலிருந்து சிறுகச் சிறுக வந்தது. பொதுவிதிகளை மதிக்கும்படி உலாவி நிறுவனங்களை வற்புறுத்த 1998-ஆம் ஆண்டிலேயே வலை வடிவமைப்பாளர் ஓர் இயக்கம் கண்டனர். ஃபிரன்ட்பேஜ் விற்பனையை மைக்ரோசாஃப்ட் 2006-ஆம் ஆண்டில் நிறுத்தி, பொதுவிதிகளைத் தழுவிய வேறு கருவியை வெளியிட்டது. இந்திய அரசு 2009-ஆம் ஆண்டில் தன் இணையதளங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வகுத்து, பல உலாவிகளில் சோதிக்கவும், இந்திய மொழிகளுக்கு யூனிகோடைக் கைக்கொள்ளவும் கூறிற்று. 2010-ஆம் ஆண்டு ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு கூடிய நாள்களில், தமிழ்நாடு அரசும் யூனிகோடைத் தன் நியமமாக ஏற்றது. பக்கத்தோடு எழுத்துரு அனுப்புவதற்கான பொதுக் கோப்புமுறை 2012-ஆம் ஆண்டு டிசம்பரில் உலக வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. 1997-இல் தமிழர் கண்ட கனவு எல்லா உலாவிக்கும் பொதுவாகப் பதினைந்து ஆண்டுகள் சென்றன.

கைபேசியிலும் முதலில் தமிழ் உடைந்தே கிடந்தது. ஆப்பரா மினி என்னும் உலாவியில் ஒளிந்திருந்த ஒரு தெரிவைக் குறித்தால் எழுத்துகள் படங்களாக வந்துசேரும். அதைக் கொண்டு தமிழ் படித்தோர் பலர். 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆண்ட்ராய்டின் நான்காம் பதிப்போடு அந்நிலை மாறத் தொடங்கிற்று. எழுத்தை முறைப்படி கோக்கும் வேலையை இன்று ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு ஆகிய மூன்றும் ஹார்ஃப்பஸ் என்னும் ஒரே கட்டற்ற கருவியிடம் விட்டிருக்கின்றன. அப்பெயர் எழுத்து, திறப்பு என்னும் பொருளுடைய பாரசீகச் சொற்களால் ஆனது. யாருக்கும் தனியுரிமை இல்லாத அக்கருவிக்குத் தமிழின் கொம்பும் காலும் அரபின் வளைவும் மலையாளத்தின் கூட்டும் தெரியும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் கணினிப் பதிப்பு 2022-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் ஓய்வு பெற்றது.

இழந்தவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இலவசமாகப் பக்கம் அமைக்க இடமளித்த ஜியோசிட்டீஸ் 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் மூடப்பட்டபோது, அங்கே தமிழர் எழுதி வைத்தவையும் மறைந்தன. பிற இடங்களில் எஞ்சியவற்றுள்ளும் பல, பழைய எழுத்துருவோடு பிணைந்தமையால் இன்றைய உலாவியில் படிக்க இயலாதவை. பொங்குதமிழ் போன்ற மாற்றிகளும், ஃபயர்ஃபாக்ஸுக்கென ஆக்கப்பட்ட பத்மா போன்ற துணைக்கருவிகளும் ஒரு பகுதியை மீட்டன. மதுரைத் திட்டத்தார் தம் நூல்களை டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றினர். ஆனால் எந்த எண்வரிசையில் எழுதப்பட்டது என்று அறிந்தவர் இருந்தால்தான் மாற்றி பயன்படும். ஓலைச்சுவடியைச் செல்லரித்தது, இப்பக்கங்களையோ எதுவும் அரிக்கவில்லை. முழுமையாக இருந்தும் படிக்க ஆளற்றுக் கிடக்கின்றன.

பழைய இன்னல் முற்றும் ஒழிந்தது என்றும் சொல்லிவிட இயலாது. 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியும் குரோமின் அடிப்படைக்கே மாறிற்று. இன்று பரவலாக உள்ள உலாவி இயந்திரங்கள் பெரும்பாலும் மூன்றே: குரோமின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ. மூன்றில் ஒன்றின் ஆட்சி ஓங்கும்போது, அந்த ஒன்றில் மட்டும் சோதித்துவிட்டு அமைதி கொள்ளும் வழக்கம் மீண்டும் தலைதூக்கும். எல்லாரும் ஒரே வண்டியில் ஏறிவிட்டால் பாதை பொதுவாகிவிடுமே என்று சிலர் கேட்கலாம். வண்டிக்காரர் நினைத்தபோது பாதையை மாற்றிக்கொள்வார் என்பதே அதற்கு விடை. நெட்ஸ்கேப் தன் எழுத்துருமுறையைக் கைவிட்ட நாளில் தமிழ்ப் பதிப்பாளர் எவரையும் கேட்டுக்கொண்டு கைவிடவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது ஒன்றே. எழுதும் கருவி யாருடையதாகவும் இருக்கலாம். எழுத்தின் வடிவமும் பக்கத்தின் விதியும் எல்லார்க்கும் பொதுவாக இருத்தல் வேண்டும். பெரும்பான்மை மொழிக்கு இது வசதி. சிறு தொகையினராய்ப் பல ஊர்களில் பிரிந்து வாழ்வோரின் மொழிக்கு இது உயிர்நிலை. அவர்களுக்கென யாரும் தனிக் கருவி செய்யப்போவதில்லை. பொதுவிதி ஒன்றே அவர்களுக்குத் துணை.

அயல் மாநிலங்களில் தமிழ்ச் சங்கம் நடத்துவோர் பலர் இன்று இணையதளமும் மலரும் வெளியிடுகின்றனர். அவர்கள் செய்யத்தக்கவை எளியவையே. பழைய எழுத்துருவில் உள்ள மலர்களை, அவற்றைத் தட்டச்சிட்டவர் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவைக்கலாம். வாழ்த்துரையையும் அறிவிப்பையும் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே இடலாம். படத்துக்குள் இருக்கும் தமிழைத் தேடவும் இயலாது, பார்வையற்றோர்க்குக் கணினி படித்துக் காட்டவும் இயலாது. பக்கத்தை வெளியிடுமுன் இரண்டு உலாவிகளிலும், விலை குறைந்த பழைய கைபேசி ஒன்றிலும் திறந்து பார்க்கலாம். கால் மணி நேர வேலை. அக்கால் மணியைச் செலவிடாத பக்கம், மூணாற்றுத் தோட்டத்து வீட்டில் பழைய கைபேசியை வைத்திருக்கும் ஒருவருக்கு மூடிய கதவாகிவிடக்கூடும்.